ஒரு லாகர் கிட், நான்கு ஈடு: பெங்களூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் உரிமம் பெற்று இயங்கும் ஒரு மைக்ரோபிரூவரியில் பீர் காய்ச்சும் பணியில் இருக்கிறேன். எங்களிடம் பயிற்சிக்குச் சேர்ந்த கோலார் தங்கவயல் தம்பி ஒருவருக்கு நொதித்தலை அடியிலிருந்து கற்றுத்தர வேண்டியிருந்தது. பெரிய தொட்டியில் தவறு செய்து பழக யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். உரிமையாளரின் உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த நான்கு லாகர் கிட்டுகள் (லாகர் என்பது குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர் வகை), வீட்டில் பீர் செய்வோருக்காக விற்கப்படுபவை, அப்போது எங்கள் சரக்கறையில் பிரிக்கப்படாமல் இருந்தன. ஏப்ரலில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் அந்த நான்கையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். ஒவ்வோர் ஈட்டிலும் எதை மாற்றினோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எங்கள் குறிப்பேட்டைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1965-ஆம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் 1963 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்பதால் இத்தகைய கிட்டுகள் அங்கே கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் ஊர் நிலைமை வேறு. இங்கே சொல்லப்படும் வேலை முழுவதும் உரிமம் பெற்ற வளாகத்துக்குள், பயிற்சிக்காக நடந்தது.

கிட்டும் அதனுடன் வந்த தாளும்

கிட் என்பது பெரிய பொருள் ஒன்றுமில்லை. 1.7 கிலோ எடையுள்ள ஒரு டின், அதனுள் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்துக் கொதிக்கவைத்துத் தேன் பதத்துக்கு வற்றவைத்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சிறிய ஈஸ்ட் பாக்கெட், நான்காக மடித்த ஒரு செய்முறைத் தாள், அவ்வளவுதான். டின்னில் உள்ளதைச் சுடுநீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, தண்ணீர் விட்டு 23 லிட்டராக்கி, 21 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து, ஈஸ்ட் தூவி, ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைக்கச் சொன்னது தாள்.

பீர் காய்ச்சுபவரின் வேலையில் பெரும் பகுதி இந்த டின்னுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதும், அந்தச் சாற்றை ஹாப்ஸுடன் கொதிக்கவிட்டுக் கசப்பேற்றுவதும் தொழிற்சாலையில் நடந்துவிட்டன. இட்லிக்கு மாவை அரைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள், புளிக்கவைப்பது மட்டும் நம் பொறுப்பு என்பது போன்ற நிலை இது. அரைத்த மாவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், சித்திரை வெயிலில் அதை அடுப்பங்கரையில் இரவு முழுவதும் விட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கிட்டின் எக்ஸ்ட்ராக்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குறையெல்லாம் அந்தத் தாளின் அவசரத்தில் இருந்தது என்பதே இந்த நான்கு ஈடுகளுக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு.

முதல் ஈடு: தாள் சொன்னபடி

திருத்துவதற்கு முன்னால், திருத்தாமல் விட்டால் என்ன வரும் என்று தெரிய வேண்டும். அதனால் ஏப்ரல் மாதத்தின் முதல் ஈட்டைத் தாளில் இருந்தபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் செய்யும்படி தம்பியிடம் சொன்னேன். குழாயில் வரும் காவிரித் தண்ணீர், மளிகைக் கடைச் சர்க்கரை, மூடிக்கடியில் இருந்த ஈஸ்ட், சரக்கறையின் வெப்பம். தண்ணீரை 1.000 என்று வைத்துக் கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அவர் 1.037 என்று படித்தார். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும். கரைசல் 28 டிகிரியில் இருந்தது. கருவியோ 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. வெப்பத்தில் திரவம் விரிந்து அடர்த்தி குறைந்து காட்டும் என்பதால் இரண்டு புள்ளி கூட்டி 1.039 என்று எழுதிக்கொண்டோம்.

மறுநாள் காலையிலேயே, உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விடும் ஏர்லாக் விடாமல் குமிழிட்டது. நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் கை வைத்தால் இளஞ்சூடு தெரிந்தது. நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடும் செயல் என்பதால், அறை 28 டிகிரியில் இருக்கும்போது உள்ளிருக்கும் திரவம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். மூன்று நாளில் ஆரவாரம் அடங்கியது. ஏழாம் நாள் 1.007-இல் நின்றதை அளந்து, தாள் சொன்னபடி பாட்டிலில் அடைத்து, மேலும் இரண்டு வாரம் கழித்துத் திறந்தோம்.

தம்பி முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, பச்சை ஆப்பிள் நறுக்கின மாதிரி இருக்கு. உள்ள கொஞ்சம் ஆஸ்பத்திரி வாடை வேற அடிக்குது" என்றார். மூக்கு சரியாகத்தான் வேலை செய்தது. அந்தக் கோப்பையில் நான்கு குறைகள் தனித்தனியாக இருந்தன. பச்சை ஆப்பிள் வாடை அசெட்டால்டிஹைட், ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் நாம் பீரைப் பிரித்தெடுத்துவிட்டோம் என்பதற்கான அடையாளம். அதன் பின்னால் வந்த வாழைப்பழச் சாயல், சூட்டில் வேகமாகப் பெருகும் ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற மணப்பொருட்களால் வந்தது. ஆஸ்பத்திரி வாடை, குழாய்த் தண்ணீரின் குளோரின் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் ஃபீனால்களோடு சேர்ந்து உண்டான குளோரோஃபீனால். நான்காவது, வாயில் நிற்காத வெறும் தண்ணீர்த்தனம். கரைசலின் மொத்தச் சத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு வெறும் சர்க்கரையிலிருந்து வந்திருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது அதற்கும் விடை கிடைத்தது. ஈஸ்ட் சர்க்கரையை மிச்சமில்லாமல் ஆல்கஹாலாக மாற்றிவிடும். மால்ட்டிலோ ஈஸ்ட்டால் நொதிக்கவைக்க முடியாத டெக்ஸ்ட்ரின்களும் புரதமும் கொஞ்சம் தங்கும், பீருக்கு உடம்பும் நுரையும் அவற்றால்தான் வருகின்றன.

இரண்டாம் ஈடு: தண்ணீரும் சர்க்கரையும்

ஜூன் மாத ஈட்டில் விலை குறைந்த திருத்தங்களை முதலில் செய்தோம். ஒரு கிலோ சர்க்கரைக்குப் பதில், எங்கள் கிடங்கிலேயே இருந்த வெளிர்நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் ஒரு கிலோ. அதே எடையில் உலர் மால்ட் சர்க்கரையைவிடச் சற்றுக் குறைவான சத்தையே தரும் என்பதால், அளவை 23 லிட்டரிலிருந்து 20 லிட்டராகக் குறைத்தோம். தொடக்க அடர்த்தி 1.044 வந்தது, முடிவு 1.012. ஆல்கஹால் இரண்டு ஈட்டிலும் ஏறத்தாழ 4.2 விழுக்காடுதான். போதையின் அளவு மாறவில்லை, பீரின் உடம்பு மாறிவிட்டது. மூன்று லிட்டர் குறைவாகக் கிடைப்பதை இழப்பாக நினைப்பவர்கள் உண்டு. அந்த மூன்று லிட்டரும் நாம் ஊற்றிய தண்ணீர்தான் என்பதே அவர்களுக்கு என் பதில்.

தண்ணீருக்கு வருகிறேன். பெங்களூரு வீடுகளில் காவிரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், டேங்கர் தண்ணீர், கேன் தண்ணீர் என்று நான்கு வகை புழங்குகின்றன. முழுத் தானியத்திலிருந்து காய்ச்சும்போது தண்ணீரின் உப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வோம், ஆனால் எக்ஸ்ட்ராக்டைப் பயன்படுத்தும்போது அந்த வேலை கிடையாது. எக்ஸ்ட்ராக்டைத் தயாரித்த இடத்துத் தண்ணீரின் உப்புகள், நீர் வற்றிய பிறகும் டின்னுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நாம் சேர்க்க வேண்டியது உப்பும் குளோரினும் இல்லாத தண்ணீர் மட்டுமே. 20 லிட்டர் கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் இதற்கு அப்படியே பொருந்துகிறது. குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துவதாக இருந்தால், ஸ்குவாஷ் கெடாமலிருக்க வீடுகளில் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போதும். 20 லிட்டருக்கு 0.1 கிராம், அதாவது கத்தி நுனியில் எடுக்கும் அளவு, சில நிமிடங்களில் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அது எளிதில் போகாது, இந்தத் தூளுக்கோ அதுவும் கட்டுப்படும்.

இந்த ஈட்டைத் தொடங்கிய அன்று தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, தண்ணி, சர்க்கரை, அளவு எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திட்டா, எது எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. கையில் இருந்தது இன்னும் மூன்று டின்கள்தான் என்பதால் ஒவ்வொன்றாக மாற்ற வசதியில்லை என்று சமாதானம் சொன்னாலும், அது முறையான சோதனை ஆகாது என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் கேட்டதற்காகவே, அதே கரைசலைக் குழாய்த் தண்ணீரில் கலந்து இரண்டு லிட்டர் மட்டும் தனிப் பாட்டிலில் வைத்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டையும் அருகருகே வைத்து முகர்ந்தபோது, மருந்து வாடை அந்தச் சிறு பாட்டிலில் இருந்தது, பெரிய ஈட்டில் இல்லை. ஒரு கேள்விக்காவது ஐயமில்லாத விடை கிடைத்தது.

சூட்டைக் குறைக்க இந்த முறை ஈரத்துணி வைத்தியம் செய்தோம். ஃபெர்மென்டரை அகலத் தொட்டியில் அரையடித் தண்ணீரில் நிறுத்தி, பழைய பருத்தி வேட்டியைச் சுற்றிக் கீழ் விளிம்பைத் தண்ணீரில் தொங்கவிட்டு, எதிரே மின்விசிறியைப் போட்டோம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். காற்று வறண்டிருந்த நாட்களில் 28 டிகிரி 23-க்கு இறங்கியது. மழை பிடித்துக் காற்றில் ஈரம் ஏறியதும் இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை. வாழைப்பழச் சாயல் பாதியாகக் குறைந்ததே தவிரப் போகவில்லை. லாகரைவிடக் கூடுதல் சூட்டில் நொதிக்கும் ஏல் வகைப் பீருக்கு இந்த ஏற்பாடு ஓரளவு போதும் என்றாலும், லாகர் என்ற பெயர் தாங்கிய ஒன்றுக்கு இது காணாது.

மூன்றாம் ஈடு: குளிர், சரியான ஈஸ்ட், ஒரு பிழை

லாகர் என்ற சொல்லே சேமித்து வைத்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. பவேரியாவில் 1553-இல் வந்த ஆணை ஒன்று ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று தடுத்தது. கோடைச் சூட்டில் காய்ச்சிய பீர் கெட்டுவிடும் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள். குளிர்காலத்தில் குகைகளிலும் நிலவறைகளிலும் மெதுவாக நொதித்த பீரில், குளிரில் வேலை செய்யத் தெரிந்த ஈஸ்ட் மட்டும் நிலைத்து வளர்ந்தது. அந்த லாகர் ஈஸ்ட், சாக்கரோமைசஸ் பாஸ்டோரியானஸ், நாம் ரொட்டிக்கும் ஏலுக்கும் பயன்படுத்தும் ஈஸ்ட்டும், யூபயானஸ் என்ற குளிர்தாங்கும் காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம். அந்தக் காட்டுப் பெற்றோர் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் கிடைத்த செய்தி 2011-இல்தான் வெளிவந்தது. 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டைத் தனி ஒரு செல்லிலிருந்து தூய்மையாக வளர்த்துக் காட்டிய பிறகே, ஒவ்வோர் ஈடும் ஒரே மாதிரி வரும் என்ற நம்பிக்கை ஆலைகளுக்குப் பிறந்தது.

லாகர் என்று பெயரிட்டு விற்கப்படும் கிட்டுகள் பலவற்றில் மூடிக்கடியில் இருப்பது ஏல் ஈஸ்ட்தான். வாங்குபவர் வீட்டில் குளிர்பதன வசதி இருக்காது என்று கருதி, அறைச்சூட்டில் வேலை செய்வதைப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் பாக்கெட்டில் எந்த வகை என்று எழுதியே இருக்கவில்லை, ஆனால் அது 28 டிகிரியில் நடந்துகொண்ட விதம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, டபிள்யூ-34/70 என்ற உலர் லாகர் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் இரண்டைப் பயன்படுத்தினோம். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் பெருகும். தொடக்கத்திலேயே படை போதுமான அளவில் இருக்க வேண்டும். 20 லிட்டருக்கு ஒரு பாக்கெட் போதும் என்று மிச்சம் பிடிப்பவர்கள், பிறகு கந்தக வாடையோடும் பாதியில் நின்றுபோன நொதித்தலோடும் போராடுவதைப் பார்த்திருக்கிறேன்.

குளிருக்கு, ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றைப் பழைய சாமான் கடையிலிருந்து 4,500 ரூபாய்க்கு வாங்கித் தட்டுகளைக் கழற்றினோம். அதன் பிளக்கை நேராகச் சுவரில் செருகாமல் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகச் செருகினோம். கருவியின் உணரியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. முதலில் தம்பி அதை ஃபிரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டிருந்தார். கருவி 12 என்று காட்டிக்கொண்டிருந்தபோது, ஃபெர்மென்டரின் மூடியைத் திறந்து தனி வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 14.5 இருந்தது. உணரியை ஃபெர்மென்டரின் சுவரில், திரவ மட்டத்துக்குக் கீழே, ஒட்டுநாடாவால் ஒட்டி, அதன் மேல் உள்ளங்கை அகலத் தெர்மோகோல் துண்டை வைத்து மூடிக் கட்டினோம். அப்போதுதான் அது காற்றை விட்டுவிட்டுப் பீரை அளக்கத் தொடங்கியது. கம்பிரசர் நின்றவுடனே மீண்டும் ஓடாமல் ஐந்து நிமிடம் பொறுக்கும்படி கருவியில் அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய கம்பிரசர் தாங்காது. மின்வெட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 20 லிட்டர் திரவம் கதவு திறக்காமல் இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் எளிதில் சூடேறிவிடாது.

கரைத்த அன்றே ஈஸ்ட் தூவவும் இல்லை. குளிர்ந்த கேன் தண்ணீரைச் சேர்த்த பிறகும் கரைசல் 18 டிகிரியில் இருந்தது. அதை மூடி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் 11 டிகிரியில் ஈஸ்ட்டைத் தூவி, 12-இல் நிறுத்தினோம். எஸ்டர்களின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாள் பெருக்கத்தில்தான் உண்டாகிறது. சூட்டில் தூவிவிட்டுப் பிறகு குளிரவைத்தால், கெடுதல் முடிந்த பிறகு கதவைச் சாத்துவது போலத்தான். இப்படிக் காத்திருக்கும் இரவில் கிருமி புகுந்துவிடக் கூடாது என்பதால் பாத்திரம், கரண்டி, மூடி எல்லாவற்றையும் கிருமிநீக்கக் கரைசலில் நனைத்தே எடுத்தோம்.

பன்னிரண்டாம் நாள் 1.012-இல் நின்றது. வாழைப்பழம் இல்லை, ஆப்பிள் இல்லை. மகிழ்ச்சியில் நான் அவசரப்பட்டேன். அன்றே வெப்பத்தை 2 டிகிரிக்கு இறக்கச் சொல்லி, மூன்று வாரம் வைத்து, பாட்டிலில் அடைத்தோம். திறந்தபோது வெண்ணெய் உருக்கும் மணம் வந்தது. நெய் மணத்துக்கு நாம் ஏங்குபவர்கள்தான், ஆனால் லாகரில் அது வரக் கூடாது. அது டயசெட்டில். ஈஸ்ட் பெருகும்போது ஆல்ஃபா அசெட்டோலாக்டேட் என்ற பொருளை வெளியே விடுகிறது. அது திரவத்தில் மெல்ல மாறி டயசெட்டில் ஆகிறது. ஈஸ்ட் விழிப்போடு இருந்தால் அதைத் திரும்ப உறிஞ்சி, மணமில்லாத பொருளாக மாற்றிவிடும். நான் குளிரை இறக்கி, சுத்தம் செய்ய இருந்த ஆட்களைத் தூங்கவைத்துவிட்டேன். அடர்த்தி நின்றுவிட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணியது, இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள என் பிழை. பெரிய தொட்டியில் ஒருபோதும் செய்ய மாட்டேன், சிறிய பாத்திரம்தானே என்று இங்கே செய்துவிட்டேன். தம்பியின் குறிப்பேட்டில் அதை அவர் எழுதும்போது அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தேன்.

நான்காம் ஈடு

செப்டம்பரில் தொடங்கிய நான்காம் ஈட்டில் கேன் தண்ணீர், மால்ட், 20 லிட்டர், 11 டிகிரியில் தூவல், 12-இல் நொதித்தல் எல்லாம் அப்படியே. இரண்டு சேர்க்கைகள் மட்டும் செய்தோம்.

முதலாவது சிறியது. செக் நாட்டு ஸாட்ஸ் ஹாப்ஸ் 15 கிராமை, 80 டிகிரியில் அரை லிட்டர் வெந்நீரில் கால் மணி நேரம் மூடி ஊறவைத்து, வடிகட்டி, கரைசலில் ஊற்றினோம். டின்னுக்குள் இருக்கும் ஹாப்ஸின் கசப்பு நீண்ட காலம் நிற்கும், மணம் நிற்காது. வற்றவைக்கும்போதே பெரும்பாலும் போய்விடும். மிஞ்சிய கொஞ்சமும் போய்விடாதபடி, டின்னைப் பிரித்துக் கரைத்த பிறகு மீண்டும் கொதிக்கவைக்கக் கூடாது. தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாவது, ஓய்வு: குளிரை இறக்கும் முன், டயசெட்டிலைச் சுத்தம் செய்ய ஈஸ்ட்டுக்கு நேரம் கொடுப்பது. ஒன்பதாம் நாள் அடர்த்தி 1.020 ஆனபோது, அதாவது நொதித்தல் முடியும் முன்பே, ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும்போதே, கருவியை 17 டிகிரிக்கு உயர்த்தினோம். ஃபிரிட்ஜின் குளிர் நின்றது. மற்றதை நொதித்தலின் சூடே பார்த்துக்கொண்டது. இவ்வளவு முற்றிய நிலையில் சூடு ஏறினால் எஸ்டர் பெரிதாக அதிகரிக்காது. பன்னிரண்டாம் நாள் 1.012. இந்த முறை எண்ணை நம்பாமல் மூக்கை நம்பினோம்.

அந்தச் சோதனையைத் தம்பியே செய்தார். ஒரு சொம்பளவு பீரை எடுத்து, குலுக்கிக் காற்றை வெளியேற்றி, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதிப் பாதியாக ஊற்றி, இரண்டையும் அலுமினியத் தாளால் இறுக மூடினார். ஒன்றை 60 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினார். மற்றது மேசையிலேயே இருந்தது. பிறகு சூடான டம்ளரைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்ததும், தாளின் ஓரத்தை விரலால் தூக்கி மாறிமாறி முகர்ந்தார். மேசையில் இருந்ததில் ஒன்றும் இல்லை. சூடுபட்டதில் மெல்லிய வெண்ணெய் வாடை. ஒளிந்திருந்த அசெட்டோலாக்டேட்டைச் சூடு டயசெட்டிலாக மாற்றி வெளியே காட்டிவிட்டது. அதாவது பீர் இன்னும் தயாரில்லை. "முகர்ந்து பார்க்காம விட்டிருந்தா மறுபடி அதே கதைதான்" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் தள்ளிப் போட்டார். பதினைந்தாம் நாள் 1.011. இரண்டு டம்ளரிலும் ரொட்டியின் மணம் மட்டுமே இருந்தது. நாளொன்றுக்கு 2 டிகிரி வீதம் இறக்கி, 2 டிகிரியில் நான்கு வாரம் விட்டோம். இந்த நான்கு வாரத்தில் ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படிந்து பீர் தெளிகிறது, கந்தக வாடை மறைகிறது, கசப்பின் கூர்மை மழுங்குகிறது. இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

பாட்டிலில் அடைக்கும்போது, பீரில் வாயு ஏறுவதற்காக லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரை. இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். குளிர்ந்த பீரில் வாயு அதிகம் கரைந்திருக்கும் என்று பொதுவாகப் படித்துவிட்டு, 2 டிகிரியைக் கொண்டு கணக்குப் போட்டு, சர்க்கரையைக் குறைத்துவிடுகிறார்கள். 17 டிகிரி ஓய்வின்போதே மிகுதி வாயு வெளியேறிவிட்டது. நொதித்தல் நின்ற பிறகு குளிரவைத்தால் போன வாயு திரும்பி வராது. நொதித்தல் முடிந்தபோது பீர் எட்டிய மிக உயர்ந்த வெப்பத்தை வைத்தே கணக்கிட வேண்டும். பாட்டில்கள் பழுப்பு நிறமாகவும் கீறல் இல்லாமலும் இருக்க வேண்டும். பாட்டில்களில் வாயு ஏற இரண்டு வாரம் அறைச்சூட்டில் வைத்தோம்.

சுவைத்துப் பார்த்ததும், மிஞ்சிய குறையும்

நவம்பர் கடைசி வாரத்தில், எங்கள் ஆலையில் குழாயிலிருந்து ஊற்றிக்கொடுக்கும் லாகரையும் நான்காம் ஈட்டையும் மூன்று கோப்பை முறையில் ஆறு பேருக்குக் கொடுத்தோம். ஒவ்வொருவருக்கும் மூன்று கோப்பை. இரண்டு கோப்பையில் ஒரே பீர், ஒரு கோப்பையில் மற்றது. தனித்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறம் காட்டிக்கொடுக்காதபடி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது, அந்த நால்வரில் இருவர் கிட்டைக் காட்டினார்கள். முதல் ஈட்டை இதே போல வைத்திருந்தால் ஆறு பேருமே முகர்ந்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

நான்கு ஈட்டையும் ஒப்பிட்டால், எனக்குத் தோன்றும் வரிசை இது. முதலிடம், சந்தேகமில்லாமல், முதல் மூன்று நாள் குளிருக்கும் அதற்கேற்ற ஈஸ்ட்டுக்கும். அடுத்தது ஓய்வும் நான்கு வாரக் காத்திருப்பும். இதற்குப் பணச் செலவு இல்லை. சர்க்கரையை மால்ட்டாக மாற்றியது அதற்குப் பின்னால்தான் வரும், அதைப் பெரிய இரகசியமாகச் சொல்பவர்கள் இருந்தாலும். தண்ணீர் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் கெடுக்கும், நன்றாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஹாப்ஸ் ஊறல் கடைசியில். மணம் இனிமையாக இருந்தது உண்மை. ஆனால் முதல் ஈட்டில் இதைச் சேர்த்திருந்தால், வாழைப்பழத்தோடு ஹாப்ஸ் வாடையும் கலந்த ஒன்று கிடைத்திருக்குமே தவிர வேறு பயன் இருந்திருக்காது.

ஒரு குறை மட்டும் நான்காம் ஈட்டில் தெளிவாக இருந்தது. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தால், வைக்கோல் நிறத்துக்குப் பதில் தேன் நிறம். முடிவில் நாக்கில் லேசான கருகல் இனிப்பு. நான்கு டின்னும் ஒரே நாளில் வந்தவை, ஒரே ஆலையில் தயாரானவை, முதல் ஈட்டில் இந்த நிறம் இல்லை. விடை எங்கள் சரக்கறையில் இருந்தது. திரவ எக்ஸ்ட்ராக்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் டின்னுக்குள்ளேயே மெதுவாக வினைபுரிந்து கறுத்துக்கொண்டே இருக்கும், சூடு கூடக்கூட வேகமாக. நான்காவது டின் ஏப்ரல், மே மாத வெயிலெல்லாம் பார்த்துவிட்டு, ஏறத்தாழ ஐந்து மாதம் அலமாரியில் காத்திருந்தது. நொதித்தலுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிய நாங்கள், பத்தடி தள்ளியிருந்த குளிர் அறையில் டின்னை வைக்க எண்ணவில்லை.

அடுத்த மாதம் இன்னும் இரண்டு டின்கள் வரவிருக்கின்றன. குளிர் அறையின் கீழ்த்தட்டில் ஹாப்ஸ் பெட்டிகளை ஓரமாக நகர்த்தி, அவற்றுக்கு இடம் ஒதுக்கி, வந்த தேதி எழுதுவதற்கு ஒரு சீட்டையும் தம்பி இப்போதே ஒட்டிவைத்திருக்கிறார்.